நான் வரவழைத்த குரங்குகள்

அக்காவின் இடது முன்கையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. அவள் பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கச் சேலையை உதறி விரித்துக் காட்டும் வேலை என்பதால், வருகிறவர்கள் கண்ணில் அந்தக் கைதான் முதலில் படும். யாராவது கேட்டால், "கொரங்கு கடிச்சிது. என் தங்கச்சி படம் எடுத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுப்பாள். அவள் சொல்வதில் பிழை எதுவும் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டியவள் நான்.

பதினான்கு வருடங்களாகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா காலம்வரை ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கம் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அப்பா கொத்தனார். நான் கேமராவைத் தூக்கியபோது வீட்டில் யாருக்கும் அது ஒரு தொழிலாகவே தெரியவில்லை. மண்டபத்துக்கு மண்டபம் போய், தாலி கட்டும் நேரத்தில் ஆண்களின் தோள்களுக்கு நடுவே இடம்பிடித்து நின்று, எப்படியோ கற்றுக்கொண்டேன். சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அப்போதிருந்தே பிடிவாதம்.

அரைமணி நேரப் படம். கதை சின்னதுதான். சாயப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு பெண். புருஷன் வெளியூர் போனவன், திரும்பி வரவில்லை. அவள் நூல் உலர்த்தும் மொட்டை மாடிக்குத் தினமும் ஒரு குரங்கு வருகிறது. முதலில் விரட்டுகிறாள், பிறகு விட்டுவிடுகிறாள். கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் நான் முழுப் படத்தையும் எழுதினேன்.

பெண்ணாக நடிக்க அக்கா ஒத்துக்கொண்டாள். ஒலிப்பதிவுக்கு, என்னோடு கல்யாண வேலைக்கு வருகிற நண்பர் ஒருவர் வந்தார். குரங்குக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கிய குரங்கைக் கொண்டுவந்து நடிக்க வைக்கச் சட்டத்தில் இடமில்லை. கம்ப்யூட்டரில் குரங்கு செய்ய என்னால் முடியாது, செய்தாலும் பிடிக்காது. நம் ஊரில் குரங்குக்கா பஞ்சம் என்று நினைத்தேன். கோவில் மதில், தண்ணீர்த் தொட்டி, கேபிள் கம்பி, எங்கே பார்த்தாலும் அவை இருந்தன. தானாக வருகிற குரங்கை அதன் போக்கில் விட்டுப் படம் எடுத்தால் யாருக்கு என்ன கெடுதல்? காட்டு விலங்கை வைத்துப் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் மொட்டை மாடியை இரண்டு மாதத்துக்கு வாடகைக்குப் பேசினேன். கீழே இரண்டு தறிகள் ஓடின. வீட்டுக்கார அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

நான் செய்த முதல் தப்பு, குரங்குகளுக்கு நேரம் பழக்கியது. கடைசிக் காட்சிக்கு நாலு மணி வெயில்தான் வேண்டும். அதனால் தினமும் சரியாக நாலு மணிக்கு மாடிச் சுவரில் வேகவைத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும் வைத்தேன். முதல் நாள் மூன்று வந்தன. ஒரு வாரத்தில் பதினைந்து ஆயின. இருபதாவது நாள் நான் படி ஏறும்போதே சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாற்பது நாள் இப்படி நடந்தது.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் படியிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, நீ படம் புட்ச்சிக்கினு போய்டுவ. இதுங்க எங்க போவும்? எங்க ஊட்லதான இருக்கும்?"

"கொஞ்ச நாள்மா. ஷூட்டிங் முடிஞ்சா நிறுத்திடுவேன்."

"நீ நிறுத்துவ. அதுங்க நிறுத்துமா?"

நான் சிரித்துச் சமாளித்து மேலே போனேன்.

கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி ஒரு கடுவன் இருந்தது. பெரிய ஆண் குரங்கு, ஒரு காது பாதி கிழிந்தது. லென்சைத் திருப்பினால் அது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். "பாருங்க, சிரிக்குது" என்று நண்பரிடம் காட்டினேன். என்னை அதற்கு அடையாளம் தெரிகிறது, நான் கெடுதல் செய்யமாட்டேன் என்று தெரிகிறது என்றெல்லாம் நம்பினேன். கண்ணை எடுக்காமல் உற்றுப் பார்ப்பது குரங்குகளுக்குச் சண்டைக்கு அழைப்பு என்றும், கேமரா லென்ஸ் அவற்றுக்கு மூடாத பெரிய கண் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாற்பது நாளாக அது என்னை எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

படப்பிடிப்பு அன்று எல்லாம் சரியாகவே அமைந்தது. தகரக் கூரை நிழலில் மூங்கில் கழிகளில் அரக்குச் சிவப்பு நூல் கற்றைகள், சிட்டம் என்பார்கள், வரிசையாகத் தொங்கின. அக்கா கழியடியில் உட்கார்ந்து ஒரு சிட்டத்தை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தாள். சேலை விரித்துப் பழகிய கை, அதனால் பார்க்க இயல்பாக இருந்தது. அவளுக்கு இரண்டடி தள்ளி ஒரு தட்டில் வடை. நாலு மணி. வெயில் சாய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடுவன் சுவரிலிருந்து இறங்கி வந்தது, தட்டில் கை வைத்தது, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது. அக்கா தலையைத் திருப்பாமல் கோபுரத்தைப் பார்த்தாள். நான் எழுதியது அப்படியே என் கண்முன்னால் நடந்தது.

மாடியில் காற்று அதிகம் என்பதால், காற்றின் இரைச்சல் பதிவாகாமல் இருக்க நண்பர் மைக்குக்கு உறை போட்டிருந்தார். நீளமான சாம்பல் நிற முடி வைத்த உறை. நீண்ட கம்பின் நுனியில் அது அக்காவின் தலைக்கு மேலே தொங்கியது. நாங்கள் தினமும் பார்க்கிற சாமான், அதனால் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. குரங்குகள் அதை அன்றுதான் முதல்முறை பார்த்தன. அவை அதை ஒரு பிராணியாக எண்ணியிருக்க வேண்டும்.

ஒரு குட்டி கழியில் ஏறி வந்து மைக்கைத் தொட்டது. பிறகு இரண்டு கையாலும் பிடித்தது. அதன் விரல்கள் முடியில் சிக்கிக்கொண்டன. நண்பர் பயந்துபோய்க் கம்பை மேலே தூக்கினார். குட்டி அந்தரத்தில் தொங்கியபடி வீறிட்டது.

அதற்குப் பிறகு எது முதலில் நடந்தது என்று வீடியோவைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. தாய்க் குரங்கு நண்பரின் முதுகில் பாய்ந்தது. அவர் கம்பைப் போட்டுவிட்டார். குட்டி விடுபட்டு ஓடிவிட்டது. ஆனால் கடுவனுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவள் அக்கா. அது அவள் கையைக் கடித்துத் தொங்கியது. இன்னொன்று அவள் முடியைப் பிடித்து இழுத்தது. அக்கா எழுந்தாள், நூலில் கால் சிக்கி விழுந்தாள், விழுந்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏன் என்று எனக்கே விளங்க வைக்க முடியவில்லை. தாலி கட்டும்போது யார் இடித்தாலும் கேமராவை விடக்கூடாது என்று பழகியதாலா? பயத்தில் உறைந்துவிட்டேனா? அல்லது நல்ல காட்சி என்று உள்ளே எங்கோ தோன்றியதா? மூன்றும் இருந்திருக்கும். பதினொரு விநாடி கழித்துத்தான் கேமரா ஆடுகிறது, ஸ்டாண்டோடு சாய்கிறது, வானத்தைக் காட்டுகிறது.

ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு அக்காவிடம் ஓடினேன். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டே படியேறி வந்தார். அந்தச் சத்தத்தில்தான் குரங்குகள் சுவர் தாண்டின. அவரே அக்காவைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கினார். நூல் அலசுகிற குழாயடியில் உட்காரவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, துணிச் சோப்பை என் கையில் திணித்தார்.

"கழுவு. ரத்தம் வந்தா வரட்டும். கழுவிக்கினே இரு."

கால்மணி நேரம் கழுவினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள் என்றார். கடித்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஊசி போட்டார்கள். தையல் போடாமல் அப்படியே திறந்து விட்டார்கள். இன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வெறிநாய்க் கடிக்குப் போடுகிற அதே ஊசி. நண்பருக்கு முதுகில் நகக் கீறல்கள், அவருக்கும் அதே வரிசை. குரங்குக்கும் அந்த நோய் இருக்கலாம், வந்துவிட்டால் மருந்தே கிடையாது என்று நர்ஸ் சொன்னார். அக்கா நர்சைப் பார்த்து, "ஊசி வலிக்காம போடுமா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஊசிக்கு நான்தான் ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். வரும் வழியில் அவள் கேட்டாள்.

"கேமரா ஓடிச்சா அப்ப?"

"ஓடிச்சி."

"காட்டு."

வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அவள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் அது?"

"பதினொரு செகண்டு."

"அவ்ளோ நேரமாடி?"

அழுகையும் இல்லை, திட்டும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு அவள் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "படத்துல இத வெக்காத" என்றாள்.

"வெக்க மாட்டேன்."

"படத்த உட்றவும் கூடாது. கடியும் வாங்கி, படமும் இல்லன்னா எனக்கு அசிங்கம்."

அன்று இரண்டு காரியங்களை முடிவு செய்தேன். படத்தை முடிப்பது ஒன்று. அதற்கு முன்னால், அந்த மாடியை நான் வாங்கியபோது இருந்தபடியே திருப்பிக் கொடுப்பது.

இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. நான் உணவு வைப்பதை நிறுத்திய முதல் நாளே, நாலு மணிக்குக் குரங்குகள் வந்து சுவரில் காத்திருந்தன. கிடைக்கவில்லை என்றதும் கோபம் வந்துவிட்டது. டிஷ் ஆன்டெனா கேபிளைப் பிய்த்தன. தண்ணீர்க் குழாயை உடைத்தன. மூன்றாம் நாள் ஒன்று சமையலறைக்குள் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்தது. ஐந்தாம் நாள் உலர்ந்துகொண்டிருந்த மாம்பழ நிறச் சிட்டம் ஒன்றை இழுத்துத் தெருவெல்லாம் கொண்டுபோயின. வீட்டுக்கார அம்மா அந்தச் சிக்கல் நூலை என் முன்னால் போட்டார்.

"கூண்டு வெச்சிப் புடிக்கிற ஆள் இருக்கறானாம். எங்கியோ மலையில உட்டுருவானாம். சொல்லப்போறேன்."

நான் வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். இந்தமுறை பயந்து ஒளியவில்லை. ஒரு பெண் வனக்காவலர் உட்கார்ந்திருந்தார், என்னைவிடச் சின்னவர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"நாப்பது நாளா சாப்பாடு போட்டீங்க?"

"ஆமா மேடம்."

"பர்மிஷன் கேட்டிருந்தீங்கன்னா அப்பவே வேணான்னு சொல்லியிருப்போம். நீங்க பண்ணது தப்பு. தெரியுதில்ல?"

"தெரியுது. இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க."

கூண்டு வைத்துத் தனியார் பிடிப்பது குற்றம் என்றார். பிடித்துப் போனாலும் உணவு கிடைக்கிற இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். ஒரே வழி, உணவே கிடைக்கக் கூடாது. "கொஞ்ச நாள் இன்னும் மோசமாதான் ஆவும். அப்ப யாராவது பாவம்னு ஒரு பழம் போட்டீங்கன்னா முடிஞ்சிது, மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்." எனக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் எச்சரிக்கை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் தானே தெருவுக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார், வந்தார்.

வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். நானும் நண்பரும் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை அடித்தோம். நூல் உலர்த்தும் கூரையைச் சுற்றிலும் வலை கட்டினோம். அப்பாவிடம் சின்ன வயதில் பார்த்துப் பழகிய வேலை எனக்குக் கைகொடுத்தது. குழாயையும் கேபிளையும் சரிசெய்தோம். அதன்பின் வீடு வீடாகப் போனேன். அதுதான் உடம்பு கூசிய வேலை. சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டு பிஸ்கட் போடுகிறவர்கள் அந்தத் தெருவில் பலர்.

"நாப்பது நாள் நீ கடல போட்ட. இப்ப நாங்க ஒரு பிஸ்கட் போட்டா ஒனக்கு வலிக்குதா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"நான் போட்டதாலதான் எங்கக்கா கை போச்சி. ஒங்க வூட்ல யாருக்கும் அப்டி ஆவக் கூடாதுன்னுதான் வந்து நிக்கிறேன்" என்றேன். கதவைச் சாத்திய வீட்டுக்கு மறுநாளும் போனேன். ஒரு வீட்டுக்கு ஏழுமுறை போயிருக்கிறேன். ஏழாவது முறை அந்த வீட்டுப் பெண் சலித்துப்போய், கோவில் குளத்து மீனுக்குப் போட்டுக்கொள்கிறேன், ஆளை விடு என்றார்.

தினமும் மூன்றரைக்கே மாடிக்குப் போய், படிக்கட்டு அறையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். கையில் கேமரா கிடையாது. குரங்குகள் வந்து, தேடி, கதவைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகும். கடுவன் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து பல்லைக் காட்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். பத்தாவது நாளுக்கு மேல் வருகிற எண்ணிக்கை குறைந்தது. மூன்றாவது வாரம் சில நாள் ஒன்றுகூட வரவில்லை. ஐந்தாவது வாரத்தில் அவை தெருவைத் தாண்டிப் போகிற வழியில் மாடியில் நின்று போயின, அவ்வளவுதான். கூண்டுக்காரனுக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று வீட்டுக்கார அம்மா ஒருநாள் தானாகவே சொன்னார்.

பிறகு படத்துக்குத் திரும்பினேன். வனக்காவலரிடம் போய் என்ன எடுக்கப்போகிறேன், எங்கிருந்து எடுக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்து, அவர் மேலிடத்துக்கு அனுப்பி அனுமதி வருகிற வரைக்கும் காத்திருந்தேன். உணவு இல்லை, கிட்டே போவது இல்லை. அக்கா படிக்கட்டு அறை ஜன்னலின் கம்பி வலைக்கு உள்ளே உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பின்னால் மூன்று வீடு தள்ளி ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. குரங்குகள் அதன்மேல் சாயங்காலத்தில் தானாக வந்து உட்காரும் என்று அத்தனை நாள் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்திருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்க மாடியிலிருந்து நீளமான லென்சில் பார்த்தால், இரண்டும் ஒரே ஃபிரேமுக்குள், பக்கத்தில் இருப்பதுபோல நெருங்கி வரும்.

எட்டு நாள் எதுவும் நடக்கவில்லை. குரங்கு வந்த நாளில் மேகம் மூடியது. வெயில் இருந்த நாளில் குரங்கு வரவில்லை. ஒருநாள் இரண்டும் இருந்தன, அக்காவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நண்பர் ஐந்தாம் நாளே சொல்லிவிட்டார்.

"அந்தப் பதினொரு செகண்டு இருக்குதே. அத வெச்சா படமே வேற லெவல்ல போய்டும். யாரும் எடுத்திருக்க முடியாதுபா அந்த மாதிரி."

"அது படம் இல்லப்பா. எங்கக்கா."

அந்தத் துண்டை நான் யாருக்கும் கொடுக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அழித்தால் நடக்காததாகிவிடுமோ என்று ஒரு தயக்கம்.

ஒன்பதாம் நாள் அக்கா ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள். முன்கைத் தழும்பு தெரிகிற மாதிரி முழங்கைக்கு மேலேயே நிற்கிற ரவிக்கை. மறைக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். தூரத்தில் ஒரு பெண் குரங்கு தொட்டிமேல் ஏறி, பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தது. அக்காவுக்கு அது தெரியாது, திரும்பிப் பார்க்கக் கூடாதென்று சொல்லியிருந்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்தாள். குரங்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது விநாடிபோல இருந்தது. பிறகு அது எழுந்து போய்விட்டது. நான் எதிர் மாடியிலிருந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அக்கா வலைக்கு உள்ளே இருந்து, "முட்ஞ்சிதா?" என்று தெரு கேட்கக் கத்தினாள்.

படத்தை முதலில் எங்கள் மாதா கோவில் பக்கத்துக் கூடத்தில் போட்டோம். தெருக்காரர்கள், அக்கா வேலை செய்கிற கடைப் பெண்கள், வனக்காவலர் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் கடைப் பெண் ஒருத்தி எழுந்து, "இன்னாக்கா, கொரங்கு ஒன்ன கடிச்சிதுன்ன, அது வரவே இல்லயே?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "அது நடிக்க வர்ல. சாப்புட வந்துச்சி. இவ தப்பா புரிஞ்சிக்கினா."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கார அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து, அடுத்த படம் எதைப் பற்றி என்று கேட்டார். ஆற்று மணல் அள்ளுகிற பெண்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அவங்கள மொதல்ல போய்க் கேட்டியா?"

"நாளைக்குக் காலைல போறேன்மா" என்றேன். மறுநாள் காலை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாலாற்றுப் பக்கம் போனேன்.